டாக்டருக்கு ஒளித்த நோய் தாய்க்கு எமன்!

"தாய்க்கு ஒளித்த சூல் உண்டா?" என்பது பழமொழி. மகள் வயிற்றில் பிள்ளை வளர்வதைப் பெற்றவளிடம் மறைக்க முடியாது என்பது பொருள்.

சூலை மறைக்க முடியாது. ஆனால் குடும்பத்து நோயை மறைக்க முடிகிறது. பல வீடுகளில் மறைக்கவும் செய்கிறார்கள்!

"உன் சித்தப்பா எப்படி இறந்தார்?" என்று டாக்டர் கேட்கிறார். "ஏதோ காய்ச்சல்" என்று பதில் வருகிறது. "பாட்டிக்குக் கண் ஏன் போயிற்று?" என்று கேட்கிறார். "வயசாகி விட்டது" என்கிறார்கள். சித்தப்பாவுக்கு மூளையில் கட்டி. பாட்டிக்குக் கண்ணில் கட்டி. ஆனால் அதை வெளியே சொன்னால் கடைசித் தங்கையின் கல்யாணம் நின்று போகுமே என்ற பயம்!

இந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. பெண்ணைப் பெற்றவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும். ஆனால் அந்தப் பயத்துக்குச் சில குடும்பங்கள் கொடுக்கும் விலை மிகப் பெரியது. கர்ப்பமாக இருக்கும் ஒரு பெண்ணின் உயிரே அந்த விலை.

அது எப்படி? குடும்பத்து நோய்க்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம்? இதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து கொள்ள வேண்டும்.

கட்டி போடும் பரம்பரை

பரம்பரையாக வரும் கட்டி நோய்கள் சில உண்டு. அவற்றில் ஒன்றின் பெயர், வான் ஹிப்பெல்–லிண்டாவ் நோய்.

பெயர் வாயில் நுழையாது. அது இரண்டு டாக்டர்களின் பெயர். ஜெர்மனியைச் சேர்ந்த கண் டாக்டர் வான் ஹிப்பெல், 1904–ம் ஆண்டில் சிலருடைய விழித்திரையில் ரத்தக் குழாய்கள் முடிச்சுப் போட்டுக் கட்டியாக வளர்வதை விவரித்தார். ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த டாக்டர் லிண்டாவ், 1926–ம் ஆண்டில் ஓர் உண்மையைக் கண்டார். கண்ணில் வரும் இந்தக் கட்டியும், சிறுமூளையில் வரும் கட்டியும் வேறு வேறு அல்ல. ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்றார் அவர்.

இந்த நோய் அபூர்வமானது. சுமார் 36 ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. ஆனால் கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டில், அபூர்வ நோய் என்றாலும் நோயாளிகள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் பெண்கள்.

விழித்திரை, சிறுமூளை, முதுகுத் தண்டு, சிறுநீரகம், கணையம், அட்ரீனல் சுரப்பி ஆகிய இடங்களில் இந்த நோய் கட்டிகளைத் தோற்றுவிக்கும். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. மூளையிலும் கண்ணிலும் வருபவை புற்றுநோயே அல்ல. ஆனால் அவை இருக்கும் இடம் பொல்லாதது. சிறுநீரகத்தில் வருவது புற்றாக மாறக் கூடும்.

ஒரே வீட்டில் ஒருவருக்குக் கண் போகும். இன்னொருவர் தலைவலியாலும் தள்ளாட்டத்தாலும் படுக்கையில் விழுவார். மற்றொருவருக்குச் சிறுநீரகத்தில் கட்டி வரும். பார்ப்பவர்களுக்கு மூன்று நோய்களாகத் தெரியும். "இந்த வீட்டுக்கு ஏதோ சாபம்" என்று ஊர் பேசும். சாபமும் இல்லை, செய்வினையும் இல்லை. மூன்றும் ஒரே நோய்தான்!

காவல்காரன் இல்லாத வீடு

இந்த நோய்க்குக் காரணமான மரபணுவை 1993–ம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள்.

மரபணு என்பது என்ன? தாயும் தகப்பனும் பிள்ளைக்குக் கொடுக்கும் குறிப்புச் சீட்டு. உடம்பு எப்படி வேலை செய்ய வேண்டும் என்பது அதில் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தாய் கொடுத்தது. மற்றொன்று தகப்பன் கொடுத்தது.

குறிப்பிட்ட இந்த மரபணுவின் வேலை, காவல்காரன் வேலை. உடம்பில் பிராண வாயு குறைந்தால், "புதிய ரத்தக் குழாய்களைப் போடு" என்று ஒரு கட்டளை பிறக்கிறது. பிராண வாயு போதுமான அளவு இருக்கும்போது, அந்தக் கட்டளையை அழித்து விடுவது இந்தக் காவல்காரனின் பொறுப்பு.

காவல்காரன் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பிராண வாயு நிறைய இருந்தாலும் கட்டளை ஓயாது. தேவையில்லாத இடத்தில் ரத்தக் குழாய்கள் பெருகும். அணுக்கள் வளரும். அதுவே கட்டி!

இந்த மர்மத்தை விளக்கிய அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் கேலின், இதே நோயைத்தான் ஆராய்ந்து கொண்டிருந்தார். பிராண வாயுவின் அளவை உடம்பின் அணுக்கள் எப்படி அறிகின்றன என்பதைக் கண்டறிந்ததற்காக அவருக்கும், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா ஆகிய இருவருக்கும் 2019–ம் ஆண்டில் நோபல் பரிசு கொடுக்கப்பட்டது.

நோய் உள்ளவருக்கு ஒரு பிரதி பிறவியிலேயே பழுது. மற்றொரு பிரதி நன்றாக இருக்கும் வரை கட்டி வராது. எந்த அணுவில் அந்த இரண்டாவது பிரதியும் பழுதாகிறதோ, அங்கே கட்டி முளைக்கிறது. அதனால்தான் நோய் பிறப்பிலேயே இருந்தாலும், கட்டி பெரும்பாலும் வாலிப வயதில் தலை காட்டுகிறது. பெண்கள் கல்யாணம் ஆகிப் பிள்ளை பெறும் வயதும் அதுதான்!

யார் குற்றம்?

பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. காசைச் சுண்டிப் போட்டால் பூவா தலையா என்பது போல. மூத்த பிள்ளைக்கு வந்து விட்டது, இளையவனுக்கு வராது என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது.

ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். தகப்பனிடமிருந்தும் வரும், தாயிடமிருந்தும் வரும். "மருமகள் கொண்டு வந்த நோய்" என்று மாமியார் பழி போடுவதற்கு இதில் இடமே இல்லை. மகன் கொடுத்ததாகவும் இருக்கலாம்!

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்தது என்று சிலர் நினைப்பார்கள். சில பரம்பரை நோய்களுக்கு அது காரணம் ஆவது உண்மை. ஆனால் இந்த நோய்க்கு அது காரணம் அல்ல. ஒரே ஒரு பிரதி பழுதானாலே போதும் என்பதால், அந்நியத்தில் பெண் எடுத்தாலும் இது வரும்.

குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல், ஒருவருக்குப் புதிதாகவும் தோன்றலாம். நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கு அப்படித்தான் வருகிறது. எனவே யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

தொப்பிக்குள் வெடிமருந்து

பிரசவத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள பொல்லாத தொடர்பு, அட்ரீனல் சுரப்பியில் இருக்கிறது.

இரண்டு சிறுநீரகங்களின் தலைமேலும் சிறிய தொப்பி போல் ஒவ்வொரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அதுவே அட்ரீனல். திடீரென்று பாம்பைக் கண்டால் நெஞ்சு அடித்துக் கொள்கிறது அல்லவா? உடம்பு வேர்க்கிறது அல்லவா? அதற்குக் காரணம், இந்தச் சுரப்பி ரத்தத்தில் கொட்டும் அட்ரினலின் என்னும் ரசாயனம்.

இந்தச் சுரப்பியில் ஒரு வகைக் கட்டி வந்தால், பாம்பும் இல்லாமல் பயமும் இல்லாமல் அந்த ரசாயனம் கொட்டிக் கொண்டே இருக்கும். டாக்டர்கள் இதற்கு "பியோகுரோமோசைட்டோமா" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரத்த அழுத்தம் ஒரு நொடியில் உச்சிக்கு ஏறும். சிறிது நேரத்தில் இறங்கும். மறுபடியும் ஏறும்.

கர்ப்ப காலத்தில் இது வெடிமருந்தாக ஆகிறது. வளரும் கர்ப்பப்பை கட்டியை அழுத்தலாம். பிரசவ வலி அழுத்தலாம். மயக்க மருந்து கொடுக்கும்போது கட்டி சீறலாம். வாந்தியை நிறுத்தக் கர்ப்பிணிகளுக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் "மெட்டோகுளோபிரமைடு" என்னும் மருந்துகூட, இந்தக் கட்டி உள்ளவர்களுக்கு ஆபத்தை வரவழைக்கலாம். மூளையில் ரத்தம் கசியலாம். இருதயம் தளரலாம். வயிற்றில் உள்ள சிசுவுக்கு ரத்தம் போகாமல் தடைப்படலாம்.

இத்தனை ஆபத்தும் எப்போது? கட்டி இருப்பது யாருக்கும் தெரியாதபோது!

ஆள் மாறாட்டம் செய்யும் நோய்

கர்ப்பிணிக்கு ரத்தக் கொதிப்பு வருவது அபூர்வம் அல்ல. நாள்தோறும் டாக்டர்கள் பார்க்கிறார்கள். எனவே கொதிப்பு என்றதும், "இது வழக்கமான கர்ப்பகால ரத்தக் கொதிப்பு" என்று நினைப்பது இயற்கை. அங்கேதான் ஆள் மாறாட்டம் நடக்கிறது.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. வழக்கமான கர்ப்பகாலக் கொதிப்பு பெரும்பாலும் 20 வாரங்களுக்குப் பிறகே வரும். சிறுநீரில் புரதம் போவது வழக்கம். காலும் முகமும் வீங்குவது உண்டு. அட்ரீனல் கட்டியால் வரும் கொதிப்போ, எந்த மாதத்திலும் வரும். திடீர் திடீரென்று வரும். கூடவே மண்டையைப் பிளக்கும் தலைவலி, தெப்பமாக நனைக்கும் வேர்வை, படபடப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வரும். முகம் வெளுத்துப் போகும்.

இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், "கர்ப்பிணிக்கு இதெல்லாம் சகஜம்" என்று வீட்டில் விட்டு விடக் கூடாது.

2021–ம் ஆண்டில் ஒரு பெரிய மருத்துவ ஆராய்ச்சி வெளியாயிற்று. பல நாட்டு ஆஸ்பத்திரிகளிலிருந்தும், முன்பே பதிவான குறிப்புகளிலிருந்தும், இவ்வகைக் கட்டியோடு கர்ப்பமான 249 சம்பவங்களைத் திரட்டிப் பார்த்தார்கள். கர்ப்பத்துக்கு முன்பே கட்டி தெரிந்திருந்தது, 37 பேறுகளில் மட்டுமே. 134–ல் கர்ப்ப காலத்தில் தெரிந்தது. மீதி 78–ல் பிரசவத்துக்குப் பிறகுதான் தெரிந்தது!

கட்டி தெரியாமலே கர்ப்ப காலத்தைக் கடந்தவர்களுக்குத்தான் பெரும் ஆபத்துகள் மிக அதிகமாக நேர்ந்தன. தெரிந்து, தக்க மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்கு ஆபத்து வெகுவாகக் குறைந்தது.

இன்னொரு கணக்கும் அதில் இருக்கிறது. அந்தப் பெண்களில் 144 பேருக்கு மரபணுச் சோதனை செய்தார்கள். 95 பேருக்குப் பரம்பரைக் கோளாறு இருந்தது. அதாவது, மூன்றில் இரண்டு பேர். இவர்களில் எத்தனை பேருடைய குடும்பத்தில் முன்பே தடயம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

121 ஆண்டுக்குப் பிறகு வெளிவந்த உண்மை

பரம்பரை நோய் எவ்வளவு காலம் ஒரு குடும்பத்தில் ஒளிந்திருக்கும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் உண்டு.

ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் என்ற ஊரில் 18 வயதுப் பெண் ஒருத்திக்கு அடிக்கடி படபடப்பும் தலைவலியும் வந்தன. அவள் இறந்து போனாள். உடலைச் சோதித்தபோது இரண்டு அட்ரீனல் சுரப்பிகளிலும் கட்டி இருந்தது. 1886–ம் ஆண்டில் டாக்டர் ஃபிராங்கெல் இதை எழுதி வைத்தார். அவர் காலத்தில் இந்தக் கட்டிக்குப் பெயர்கூடக் கிடையாது.

2007–ம் ஆண்டில் அதே ஊர் டாக்டர்கள் அந்தப் பெண்ணின் குடும்ப வழியில் வந்தவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். அவர்களிடம் மரபணுக் கோளாறு இருந்தது! அது வான் ஹிப்பெல்–லிண்டாவ் நோய் அல்ல. தைராய்டிலும் அட்ரீனலிலும் கட்டி போடும் இன்னொரு பரம்பரை நோய். அந்த இளம்பெண் இறந்த காரணம் 121 ஆண்டுகளுக்குப் பிறகு விளங்கிற்று. வாரிசுகளுக்கு எச்சரிக்கையும் கிடைத்தது.

ஒரு டாக்டர் எழுதி வைத்த குறிப்பு அத்தனை ஆண்டுகள் கழித்தும் பயன்பட்டது. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை இன்றே சொன்னால் எவ்வளவு பயன்படும்!

தெரிந்தால் என்ன செய்வார்கள்?

"தெரிந்து என்ன ஆகப் போகிறது? வீண் கவலைதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. தெரிந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

நோய் உள்ள பெண், கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே முழுச் சோதனை செய்து கொள்ள வேண்டும். கண் டாக்டர் விழித்திரையைப் பார்ப்பார். மூளையையும் முதுகுத் தண்டையும் வயிற்றையும் எம்.ஆர்.ஐ. படம் எடுப்பார்கள். அட்ரீனல் கட்டி இருக்கிறதா என்பதை ரத்தத்திலோ, 24 மணி நேரம் சேர்த்த சிறுநீரிலோ "மெட்டாநெஃப்ரின்" அளவைப் பார்த்து அறிவார்கள். கட்டி இருந்தால், முதலில் அதை எடுத்து விட்டுப் பிறகு பிள்ளை பெறலாம். விழித்திரைக் கட்டி சிறியதாக இருந்தால் லேசர் ஒளியால் சுட்டு விடலாம்.

கர்ப்பமான பிறகு தெரிந்தாலும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ. படத்தில் எக்ஸ்–ரே கிடையாது. எனவே சிசுவுக்குக் கதிர்வீச்சு இல்லை. கர்ப்பிணிக்கு, நரம்பில் ஏற்றும் சாய மருந்தைத் தவிர்த்து இந்தப் படத்தை எடுப்பார்கள். அட்ரீனல் கட்டி இருந்தால் முதலில் "ஆல்பா தடுப்பு" என்னும் வகை மருந்து கொடுத்து ரத்தக் குழாய்களைத் தளர்த்துவார்கள். அதன் பிறகே, தேவைப்பட்டால், இருதயத் துடிப்பைக் குறைக்கும் "பீட்டா தடுப்பு" மருந்து. இந்த வரிசை மாறினால் ரத்த அழுத்தம் இன்னும் ஏறி ஆபத்தாகும். கட்டி இருப்பது தெரியாத டாக்டர் இந்த வரிசையை எப்படி அறிவார்?

ஆபரேஷன் தேவையானால், நடு மாதங்களில், அதாவது 24 வாரங்களுக்கு முன், செய்வது உண்டு. அதற்கு மேல் ஆகி விட்டால், மருந்தால் கட்டியை அடக்கி வைத்துப் பிரசவம் ஆன பிறகு எடுப்பார்கள். எது நல்லது என்பதைக் கட்டியின் அளவையும் பெண்ணின் நிலையையும் பார்த்து டாக்டர்கள் கூடி முடிவு செய்வார்கள்.

மூளையிலும் முதுகுத் தண்டிலும் கட்டி இருந்தால் வேறு கவனங்கள் உண்டு. முக்கிப் பெறும்போது மூளையில் அழுத்தம் ஏறும். எனவே சிலருக்குச் சிசேரியன் நல்லது. வலி தெரியாமல் இருக்க முதுகில் ஊசி போடுவதற்கு முன், ஊசி போகும் இடத்தில் கட்டி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கட்டித் தொந்தரவு இல்லாதவர்கள் இயற்கையாகவே பிள்ளை பெறலாம்.

கர்ப்பம் இந்தக் கட்டிகளை வேகமாக வளர்க்கிறதா? இதில் டாக்டர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. வளர்க்கிறது என்று சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன. இல்லை என்று வேறு சில சொல்கின்றன. எனவே இடையிடையே சோதித்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், பார்வை மங்கல் ஆகியவற்றை "மசக்கை" என்று ஒதுக்கி விடக் கூடாது.

இந்த நோய்க்கு "பெல்சூட்டிஃபான்" என்ற மாத்திரையை 2021–ம் ஆண்டில் அமெரிக்கா அனுமதித்தது. பல கட்டிகளை அது சுருக்குகிறது. ஆனால் வயிற்றில் உள்ள சிசுவுக்குத் தீங்கு செய்யக் கூடியது. அதைச் சாப்பிடும் பெண் கர்ப்பம் தரிக்கக் கூடாது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஹார்மோன் அடங்கிய கருத்தடை மாத்திரையின் சக்தியை இது குறைத்து விடும். எனவே வேறு முறையைக் கையாள வேண்டும். பிள்ளை வேண்டும் என்று நினைப்பவர்கள், முதலில் டாக்டரிடம் சொல்லி விட்டே மருந்தை நிறுத்த வேண்டும். தாங்களாக நிறுத்தவும் கூடாது. தாங்களாகத் தொடரவும் கூடாது.

"பிள்ளையே வேண்டாம்" என்று சொல்வது யார்?

"இப்படி ஒரு நோயை வைத்துக் கொண்டு எதற்குப் பிள்ளை?" என்று உறவினர் கேட்பார்கள். இது அவர்கள் தீர்மானிக்க வேண்டிய விஷயம் அல்ல. அந்தப் பெண்ணும் அவளுடைய கணவனும் தீர்மானிக்க வேண்டியது. அவர்களுக்கு உண்மையை முழுதும் சொல்வது டாக்டரின் கடமை. முடிவை அவர்களிடம் விடுவது குடும்பத்தின் கடமை.

வழிகள் பல இருக்கின்றன. குடும்பத்தில் உள்ள மரபணுக் கோளாறு இன்னது என்று கண்டு கொண்டால், சோதனைக் குழாயில் கருவை உண்டாக்கிக் கோளாறு இல்லாத கருவைக் கர்ப்பப்பையில் வைக்கலாம். கர்ப்பமான பிறகு, மூன்றாவது நான்காவது மாதங்களில் சிசுவைச் சோதிக்கலாம். பரம்பரை நோயை அறிய இந்தச் சோதனைகளைச் செய்வதற்கு, பதிவு பெற்ற இடங்களில், 1994–ம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆணா பெண்ணா என்று சொல்வதைத்தான் அது குற்றம் என்கிறது. இந்தச் சோதனை எதுவுமே வேண்டாம் என்று சொல்லவும் ஒரு தாய்க்கு உரிமை உண்டு. பிள்ளை பிறந்த பிறகு ரத்தத்தைச் சோதித்து அறிந்து கொள்ளலாம்.

சோதனையில் கோளாறு இல்லை என்று தெரிந்தால், அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் அந்தக் கவலை இல்லை. இருக்கிறது என்று தெரிந்தால், ஒரு வயதுக்குள்ளேயே கண் சோதனையைத் தொடங்கி விடலாம். கட்டி கடுகளவாக இருக்கும்போதே பிடித்து விடலாம். முன் காலத்தில் இந்த நோய் உள்ளவர்களில் பலர் 50 வயதைக் காணவில்லை. காலாகாலத்தில் சோதனை செய்து கொள்ளும் வழக்கம் வந்த பிறகு அவர்களுடைய ஆயுள் கூடியிருக்கிறது.

பரம்பரைக் கட்டி நோய் இது ஒன்று மட்டும் அல்ல. உடம்பெல்லாம் பால் காப்பி நிறத்தில் மச்சமும், தோலுக்கு அடியில் மெத்தென்ற கட்டிகளும் வரும் நோய் ஒன்று உண்டு. சுமார் 3 ஆயிரம் பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது. கர்ப்ப காலத்தில் அந்தக் கட்டிகள் பலருக்குப் பெருகும். அவர்களிலும் சிலருக்கு அட்ரீனல் கட்டி வருவது உண்டு. அவர்களும் முதல் நாளே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கல்யாணம் நின்று போகுமா?

மறுபடியும் அந்தக் கேள்விக்கே வர வேண்டியிருக்கிறது. சொன்னால் கல்யாணம் நின்று போகுமா?

நின்று போகலாம். அதை மறுப்பது பொய். ஆனால் மறைத்துச் செய்த கல்யாணம் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். புகுந்த வீட்டில் அந்தப் பெண் தலைவலியை மறைக்கிறாள். வேர்வையை மறைக்கிறாள். டாக்டர் கேட்கும்போது, பக்கத்தில் மாமியார் நிற்பதால் தலையை ஆட்டி "ஒன்றும் இல்லை" என்கிறாள். நோயை அவள் மறைக்கவில்லை, மறைக்கும்படி பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறாள். பிரசவ வலி வரும்போது கட்டி அந்த ரகசியத்தைக் காப்பாற்றாது!

ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டாருக்குத் தெரிய வேண்டியதில்லை. கட்டிக் கொள்ளப் போகிறவனுக்குத் தெரிய வேண்டும். வைத்தியம் செய்யும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். இரண்டே பேர்!

டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் ஒரு கடமை உண்டு. "சர்க்கரை உண்டா? கொதிப்பு உண்டா?" என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மூளையில், கண்ணில், சிறுநீரகத்தில், அட்ரீனலில், தைராய்டில் கட்டி வந்தது உண்டா? சின்ன வயதில், பிரசவத்திலோ ஆபரேஷனிலோ திடீரென்று இறந்தவர் உண்டா?" என்று கேட்க வேண்டும். கர்ப்பிணியைத் தனியே அழைத்துக் கேட்க வேண்டும். கேட்டதை ரகசியமாக வைத்துக் கொள்ள வேண்டும். இதற்குச் செலவு ஒரு காசு கிடையாது. இரண்டு நிமிஷம் போதும்.

"உண்டு" என்று பதில் வந்தால், அந்தப் பெண்ணை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற பெரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் மரபணு நோய்களுக்கென்றே டாக்டர்கள் இருக்கிறார்கள். பிரசவ டாக்டர், மயக்க மருந்து டாக்டர், சுரப்பி டாக்டர், கண் டாக்டர், குழந்தை டாக்டர் ஆகிய எல்லோரும் முன்கூட்டியே கலந்து பேச வேண்டிய பிரசவம் அது. வலி வந்த பிறகு வண்டி பிடித்து ஓடுவதற்கு உரிய பிரசவம் அல்ல.

ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்கள் இருக்கிறார்கள். யார் எந்த நோயில், எந்த வயதில் இறந்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் காலத்தோடு அந்தச் செய்தியும் மறைந்து விடக் கூடாது. மகளுக்கு நகை நட்டுக் கணக்கு எழுதித் தருகிறார்கள். பாத்திரம் பண்டம் கணக்கு எழுதித் தருகிறார்கள். குடும்பத்து நோயின் கணக்கையும் ஒரு தாளில் எழுதித் தரட்டும். பிள்ளைத்தாய்ச்சியாக முதன்முறை ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது, அவள் கையில் இருக்க வேண்டிய முதல் சீதனம் அதுதான்!